அந்த மாதிரி டிரஸ்

பங்குப் பேரவைச் செயலாளர் அருள்நாதனுக்கு ‘நீச்சல் உடை’ என்ற சொல் வாயில் வராது. பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ரிட்டையர் ஆன கையோடு, மாதா கோயில் திருவிழாவைத் தன் தலையில்தான் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பில் திரிகிற மனுஷன். பட்டர்ஃபிளை நீச்சலில் மெடல் வாங்கிய டெல்பினின் போட்டோவை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார்.

“பாப்பா மெடல் வாங்கினது சந்தோஷம்ங்க. ஆனா கோயில் வாசல்ல வைக்கிற ஃப்ளெக்ஸ்ல, அந்த மாதிரி டிரஸ்ல…”

“எந்த மாதிரிங்க?” என்றாள் அக்னஸ், டெல்பினின் அம்மா.

“அதான்… உங்களுக்கே தெரியும்.”

“காஸ்ட்யூம்ங்க. முட்டி வரைக்கும் இருக்கு. அதைப் போடாம போட்டியில தண்ணியில இறங்கவே விட மாட்டாங்க.”

அக்னஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளத்தில் நீந்துகிற பிள்ளைகளுக்கு அது காஸ்ட்யூம். டவலோடு பையில் திணிக்கிற ஒரு சாமான், மறந்துவிட்டுப் போனால் கோச்சிடம் திட்டு விழும், அவ்வளவுதான். இவரைப் போன்றவர்களுக்கோ நீச்சல் உடை என்றாலே வாரப்பத்திரிகையின் நடுப்பக்கம். அதில் நிற்கிறவளுக்கு நீந்தத் தெரியுமா என்று ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்கள். நிஜமாகவே நீந்துகிற பெண் போட்டால் மட்டும் கண் கூசிவிடும்.

“கவலைப்படாதீங்க. டீசன்டா பண்ணித் தரச் சொல்றேன்” என்றார் அருள்நாதன்.

அந்த டீசன்ட், திருவிழாவன்று காலையில் கோயில் வாசலில் தொங்கியது. ‘பங்கின் பெருமைகள்’ என்ற தலைப்புக்குக் கீழே, ரப்பர் தொப்பியும் நீச்சல் கண்ணாடியும் மாட்டிய டெல்பினின் தலை. கழுத்துக்குக் கீழே எவளோ ஒருத்தியின் ரோஸ் சுடிதார், துப்பட்டாவுக்கு ஊக்கு வேறு குத்தியிருந்தது. பக்கத்திலேயே மாவட்ட ஆணழகன் ஆசீர், எண்ணெய் தடவிய உடம்போடு, உள்ளங்கை அகல ஜட்டியில், ஆளுயரத்துக்கு. அவனுக்கு ஒரு சட்டை மாட்டிவிடலாம் என்று பேரவையில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தூ! இவர்களும் இவர்களுடைய மானமும்!

கூட நீந்துகிற பிள்ளைகள் அதை போனில் படம் பிடித்து, ‘துப்பட்டாவோட பட்டர்ஃபிளை’ என்று குரூப்பில் ஓட்டினார்கள். டெல்பின் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“நீச்சலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நேஷனல் செலக்‌ஷனுக்கு நான் போகலம்மா.”

அடுத்த வாரம் செலக்‌ஷன். வருஷக்கணக்காக விடியுமுன் எழுந்து ஸ்கூட்டியில் கூட்டிப்போய், குளத்தங்கரையில் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்ததெல்லாம் இந்த ரோஸ் சுடிதாரோடு முடிந்துவிடுமோ என்று அக்னஸ் பயந்தாள். ஆனாலும் கெஞ்சவில்லை.

“போகாட்டி போ. சாயங்காலம் பாராட்டு விழாவுக்கு மட்டும் வா. நீ ஏன் ஒளிஞ்சுக்கணும்? வெக்கப்பட வேண்டியவரு மேடையில ஜம்முன்னு நிக்கப்போறாரு” என்றாள்.

மேடையில் ஆசீருக்குப் பொன்னாடை போர்த்தி, கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார் அருள்நாதன். அடுத்து டெல்பின். ஏறியவள் நேராகப் போய் மைக்கைப் பிடித்தாள்.

“நூறு மீட்டர் பட்டர்ஃபிளையில வெள்ளி வாங்கினேன். காஸ்ட்யூம் போட்டுத்தான் நீந்தினேன். ஃப்ளெக்ஸ்ல இருக்கிற சுடிதார் யாருதுன்னு எனக்குத் தெரியாதுங்க.”

கூட்டத்தில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பங்குச் சாமியார் திரும்பி, அப்போதுதான் அந்த ஃப்ளெக்ஸை ஒழுங்காகப் பார்த்தார். அருள்நாதன் அவசர அவசரமாகப் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு ஓடிவந்தார். டெல்பின் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“வேணாம் அங்கிள். நீங்கதான் ஏற்கெனவே போர்த்தி விட்டுட்டீங்களே.”

மைக் இன்னும் ஆனில்தான் இருந்தது. விரித்த பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் அருள்நாதன் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

படி இறங்கி வந்தவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாம்மா, சீக்கிரம் போய்ப் படுக்கணும். காலைல பிராக்டீஸ் இருக்கு.”