வில்மாரின் கொட்டாவி

சுல்மா வாயைத் திறந்து பேசத் துணிந்த அன்றைக்குத்தான் வில்மார் கொட்டாவி விட்டார்.

அதற்கு முன்பு பல மாதங்கள் அவள் அந்த வட்டத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போனதோடு சரி. சால்ட்டோ நகரத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற மருத்துவ நிலையத்தின் பின்கட்டில் ஓர் அறை. வியாழக்கிழமை மதியம் அங்கே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுவைப்பார்கள். டாக்டர் ஈரேனே நடுவயதுப் பெண்மணி. அவசரமே தெரியாத குரல். மனிதர்களுக்குப் பயந்து ஒதுங்கி ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அங்கே வந்து, மனிதர்களோடு உட்காரப் பழகிக்கொண்டிருந்தார்கள். சுல்மாவிடம் ஈரேனே அந்த நோயின் பெயரையும் சொல்லியிருந்தார்: தவிர்க்கும் ஆளுமைக் கோளாறு. தன் குணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே சுல்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஊரார் அதற்கு வைத்திருந்த பெயர்தான் அவளுக்குப் பழக்கம்: மூஞ்சுறு.

அவள் வேலை வெந்நீர் ஊற்றுப் பக்கத்து விடுதியொன்றின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு எடுக்க வேண்டும். இயந்திரம் போடுகிற இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மதியம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மற்றப் பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சுல்மா விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே ரொட்டியைத் தின்றுவிட்டு வருவாள். முப்பத்தெட்டு வயதில் பாதி வாழ்நாள் இப்படியே போயிருந்தது.

அதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தாள். இரண்டு வாரமாகவே அந்த வாக்கியங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தாள். "நான் வேலை செய்யற எடத்துல, சாப்பாட்டு நேரத்துல..." என்று தொடங்கி, விரிப்பு அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள். எதிர் நாற்காலியில் வில்மார் வாயை அகலத் திறந்தார். கடைவாய்ப்பல் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கையால் மூடிக்கொள்வதற்குள் கொட்டாவி முடிந்தே போயிற்று.

"அவ்வளவுதான்," என்றாள் சுல்மா.

"இன்னும் சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கோம்," என்றார் ஈரேனே.

"தலை வலிக்குது."

அடுத்த வியாழன் அவள் போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை. உருளைக்குள் விரிப்பு போவதும் வருவதுமாக இருக்க, அந்தக் கொட்டாவி அவள் மனதுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. சலித்துப்போய்த்தான் விட்டார், சந்தேகமே இல்லை. மற்றவர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள், அவர் ஒருவர் மறைக்கத் தெரியாதவர். சின்ன வயதில் அவள் 'ர'கரம் சொல்லும்போது நாக்கு சரியாகப் புரளாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதை அப்படியே பேசிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா கெட்டவர் இல்லை, பிரியத்தில்தான் செய்தார். ஆனாலும் அந்தச் சிரிப்புக்கு அப்புறம் அவள் பேசின எல்லாப் பேச்சும் பயந்து பேசினதுதான்.

அக்கா மிர்த்தாதான் அவளுக்கு எல்லாம். ஆரஞ்சுப் பழம் கட்டும் கொட்டகையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, சுல்மாவுக்காகக் கடைக்காரனோடு பேசுவாள், மின்சாரக்காரனோடு பேசுவாள், பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டால் "அவ தூங்குறா" என்று சொல்லி அனுப்புவாள். மருந்தகத்தில் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவதும் அவள்தான். தலைநகர் மொந்தேவீதியோவில் ஒராசியோ என்று ஒருவன் மிர்த்தாவுக்காகப் பல வருஷமாகக் காத்திருந்தான். "ஒரு வாரமாவது வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் குரலே தேய்ந்துவிட்டது. தங்கையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மிர்த்தா போகவில்லை. இதெல்லாம் சுல்மாவுக்குத் தெரியும். தெரிந்ததனால் அவள் இன்னும் கொஞ்சம் ஓசையில்லாமல் நடப்பாள், அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிர்த்தா அடுப்படியில் நின்றபடியே பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, அந்த டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டாங்க. காய்ச்சல்னு சொன்னேன். ஒரு மனுஷிக்கு எத்தனை வாரம்டி காய்ச்சல் அடிக்கும்? நெஜமாவே அடிச்சிருந்தா இந்நேரம் உன்னப் பொதைச்சிருப்போம்."

சுல்மா மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து நீவினாள்.

"நேத்து நானே போய் அவங்களப் பாத்தேன். 'உங்க தங்கச்சிக்கு நீங்க வாயா இருக்கீங்க'ன்னாங்க. எனக்கு இருக்கிற ஒரு வாயிக்கே தெம்பு இல்லடி. ரெண்டு வாயி எங்கிருந்து பேசறது? இனிமே உன் பேரைச் சொல்லி நான் பொய் சொல்லமாட்டேன். போன் அடிச்சா அடிக்கட்டும். மாத்திரையும் நீயே போய் வாங்கிக்க."

"அக்கா..."

"கோவத்துல சொல்லல. அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்."

கோபத்தில் சொல்லியிருந்தால் சுல்மா தாங்கியிருப்பாள். அக்கா கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அதுதான் தாங்கவில்லை. மறுநாள் போன் அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அடித்து அடித்து அதுவாகவே ஓய்ந்தது.

மாத்திரை தீர்ந்ததும் சுல்மா போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து, தூறல் விழுகிற நேரமாகப் பார்த்துப் போனாள். மழை நாளில் கூட்டம் இருக்காது என்று கணக்கு. ஆனால் மருந்தகச் சன்னலுக்கு முன்னால் நல்ல வரிசை. கடைசியில் போய் நின்று, முன்னால் நின்றவளின் கம்பளிச் சட்டைப் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். தூணுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஓர் ஆள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி ஒட்டியிருந்த படத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி படித்துக்கொண்டிருந்தார். தொப்பி காது வரைக்கும் இறங்கியிருந்தது. ஆளை மறைத்த தூணால் அக்குளில் இடுக்கியிருந்த வெந்நீர்க் குடுவையை மறைக்க முடியவில்லை. பச்சை வண்ணம் உரிந்த அந்தக் குடுவையை வாரா வாரம் பார்த்திருக்கிறாள். வில்மார்.

 என் முகத்தில் விழிக்கக்கூடப் பிடிக்காமல் ஒளிந்துகொள்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்று பையைத் தோளில் ஏற்றினாள்.

"வில்மார் ஒலிவேரா!" என்று சன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

அவர் அசையவில்லை.

"ஒலிவேரா! மருந்து எடுத்து வச்சாச்சு, யாருங்க ஒலிவேரா?"

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். வில்மாரின் கழுத்து சிவந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, தோளைச் சுருக்கிக்கொண்டு, தான் அங்கே இல்லாதது மாதிரி நின்றார். சுல்மாவுக்கு அந்த நிற்பு தெரியும். வெளியிலிருந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். விரிப்பு அறைக் கதவை யாராவது திறக்க வரும்போதெல்லாம் அவள் இப்படித்தான் நிற்பாள். இந்த மனிதர் தன்னை வெறுத்து ஒளியவில்லை, தனக்குப் பயந்து ஒளிகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அவளைப் பார்த்து ஒருவர் பயப்படுவதா? உலகத்தில் இப்படியும் நடக்குமா என்று இருந்தது.

வரிசையை விட்டு நகர்ந்து, தூண் பக்கத்தில் போய் நின்றாள். 

"உங்களத்தான் கூப்பிடறாங்க," என்றாள்.

இருவரும் மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தூறல் வலுத்திருந்தது. இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் இடம்விட்டு உட்கார்ந்தார்கள். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் வில்மார். ஓட்டுநர் இருக்கையில் தனியாக உட்கார்ந்தால் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள் என்றே அந்த வேலைக்குப் போனவர். மழையைப் பார்த்தபடியே சொன்னார்:

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"எதைச் சொன்னீங்க?"

"சில பேரு வாயே தெறக்காம நாற்காலியைச் சூடு பண்ணத்தான் வர்றாங்கன்னு சொன்னேனே. என்னத்தான் சொல்லிக்கிட்டேன், சத்தியமா. அடுத்த வாரமே நீ பாதியில நிறுத்திட்ட. அப்புறம் வரவே இல்ல. நம்ம நாக்குதான் அந்தப் புள்ளையத் தொரத்திடுச்சுன்னு... எப்படி அந்த ரூம்ல போய் உக்காருவேன்? நானும் நின்னுட்டேன்."

சுல்மாவுக்கு அந்தப் பேச்சு ஞாபகமே இல்லை. அன்றைக்கு அவள் தன் வாக்கியங்களை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

"அது இல்ல," என்றாள். சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டாள். "நான் பேசறப்ப நீங்க கொட்டாவி விட்டீங்க."

"கொட்டாவியா?"

"ஆமா."

வில்மார் நினைவுபடுத்திப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கித் தேடினார். "ஞாபகமே இல்லையேம்மா. இந்த மாத்திரையைப் போட்டா மதியத்துல பாதி உசுருதான் எனக்கு. பாதிரியார் ஜெபம் பண்றப்பவும் விடுவேன், பொதைகுழிக்கிட்ட நின்னும் விட்டிருக்கேன். அதுக்கா இத்தனை வாரம்?"

"அதுக்குத்தான்."

"அடக் கடவுளே." அவர் மாத்தே இலைத்தூள் போட்ட சுரைக்குடுக்கையில் வெந்நீர் ஊற்றி அவள் பக்கம் நீட்டினார். இரும்பு உறிஞ்சுகுழலில் அவர் வாய் பட்டிருக்கும். வேறு நாளாக இருந்தால் இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லியிருப்பாள். வாங்கிக் குடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தாள்.

"மாத்தே குடிக்கறப்ப நன்றின்னா போதும்னு அர்த்தம். போதுமா?"

"வாய் தவறி வந்துடுச்சு," என்றாள். அவர் மறுபடி ஊற்றினார்.

"நம்மளப் போல எல்லாரும் நின்னுட்டா அந்த ரூம்ல யாருதான் இருப்பாங்க?" என்று சுல்மா கேட்டாள்.

"டாக்டரம்மா இருப்பாங்க. நாற்காலி இருக்கும்."

வியாழக்கிழமை வருவதாக இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு பேருமே போகவில்லை. அடுத்த வாரம் சுல்மா கிளம்பினாள். தைரியம் வந்து போகவில்லை, போகாமல் இருப்பதற்கான காரணங்களைத் திரட்டவும் அன்றைக்குத் தெம்பு இல்லை. நடைக்கூடம் வரைக்கும் போய் நின்றுவிட்டாள். கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். வில்மாரின் நாற்காலி காலி. அவரை நம்பி வந்தவளுக்கு இனி யாரை நம்பி உள்ளே போவது என்று இருந்தது. ஈரேனே அவளைப் பார்த்தார். எழுந்து வந்து கையைப் பிடிக்கவில்லை, "வாங்க"வும் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலி மேல் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுல்மா போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கொட்டாவிக் கதையை அவளே சொன்னாள். நடுநடுவே நின்று நின்று, குரல் உடைந்து உடைந்து வந்தது. சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. எதிரில் இருந்த பள்ளி ஆசிரியை, எப்போதும் கைக்குட்டையைத் திருகிக்கொண்டே இருக்கிறவள், மெல்ல வாயைத் திறந்தாள்.

"சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு நீங்க பாதியில நிறுத்துனப்ப, இவங்களுக்குத் திமிருன்னு நெனச்சேன். நம்மகிட்டல்லாம் சொல்றதுக்கு என்ன இருக்குன்னு நெனக்கிறாங்கன்னு."

சுல்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. திமிரா? எனக்கா? எழுந்து ஓட வேண்டும் என்று கால் சொன்னது. கதவு திறந்தேதான் இருந்தது. அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் வலிக்கிற வரைக்கும் பிடித்திருந்தாள்.  பேச்சு வேறு யாரிடமோ போயிற்று, திரும்பி வந்தது, ஈரேனே ஏதோ கேட்டார், யாரோ பதில் சொன்னார்கள். நேரம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது அவளும் எழுந்தாள். ஓடாமல் முழு நேரமும் இருந்துவிட்டாள் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. சந்தோஷமாக ஒன்றும் இல்லை. மூட்டை சுமந்தவள் மாதிரி வீட்டுக்குப் போய், விளக்கு வைக்கும் முன்பே தூங்கிப்போனாள்.

வில்மார் அதற்கடுத்த வாரம் வந்தார். "போன வாரம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போய்ட்டேன்," என்றார். எல்லோருக்கும் புரிந்தது.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சலவைக்கூடத்தில் சில நாள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள், பல நாள் பழைய அறைக்கே போனாள். நல்லபடியாகப் போன நாளுக்கு மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. "ஒரு படி ஏறி ரெண்டு படி எறங்கறேன்," என்று ஈரேனேயிடம் சொன்னபோது, "நீங்க எறங்கினது எனக்குத் தெரியுது, ஏன்னா வந்து சொல்றீங்க. முன்னாடி வரமாட்டீங்க," என்றார் அவர்.

குளிர்காலம் தொடங்கியபோது மிர்த்தா பெட்டியைக் கட்டினாள். ஒராசியோ வீட்டில் ஒரு வாரம்.

"இருந்துக்குவியாடி?"

"இருந்துக்குவேன்."

"பொய் சொல்றே."

"ஆமா. ஆனா போய்ட்டு வா."

மூன்றாம் நாள் சாயங்காலம் காஸ் தீர்ந்தது. கணப்பும் அணைந்துபோனது, அடுப்பும் போயிற்று. போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். வீடு சில்லிட்டுக்கொண்டே வந்தது. கடைசியில் எண்ணை அழுத்தினாள்.

"காஸ் கடை, சொல்லுங்க."

"ஒரு சிலிண்டர் வேணும். ஆர்த்திகாஸ் தெருவுக்கு," என்று சொல்லி, பதற்றத்தில் வீட்டு எண்ணைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கடைக்காரன் இந்நேரம் யாரிடமாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான். எவளோ ஒரு பைத்தியம் என்று. கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா வரும் வரைக்கும் ரொட்டியைத் தின்றே ஓட்டிவிடலாம். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள்.

"இப்ப கூப்பிட்டது நான்தாங்க. வீட்டு நம்பர் சொல்ல மறந்துட்டேன்."

"அதானே பாத்தேன்! அந்தத் தெருவுல ஒவ்வொரு வீடா தட்டச் சொல்லலாம்னு இருந்தேன் பையன்கிட்ட," என்று அந்தப் பக்கத்து ஆள் சிரித்தான். "சொல்லுங்கம்மா."

அவள் எண்ணைச் சொன்னாள். சிலிண்டர் வருகிற வரைக்கும் அவன் சிரித்த சிரிப்பு எந்த மாதிரிச் சிரிப்பு என்று யோசித்துக்கொண்டே இருந்தாள்.