சாதிக் பாய் கடையில் ஈஸ்ட் இல்லை

மால்ட் டப்பா, சீனி, ஈஸ்ட் மூன்றையும் ஒருவன் ஒன்றாகக் கேட்டால் அவன் பன் சுடப்போவதில்லை என்பது, மதுவுக்குத் தடை உள்ள குவைத்தில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அங்கே அப்பாசியாவில் பக்காலா என்கிற மளிகைக்கடை நடத்தும் சாதிக் பாட்ஷாவுக்குத் தெரியாமல் இருக்குமா? கீழக்கரையிலிருந்து வந்து பல வருஷமாக அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர். அப்படி யாராவது வந்து கேட்டால், "இங்க தரமாட்டேன், போப்பா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

அவ்வளவு கறாரான மனுஷருக்கு வந்த சோதனைதான் கார்மேகம்.

கார்மேகம் முதுகுளத்தூர்க்காரன், ஏசி மெக்கானிக். டியூட்டி முடிந்து ரூமுக்குப் போகிற வழியில் கடையில் ஏறி, பாயோடு பால் சேர்க்காத சுலைமானி டீ ஒன்று குடித்தால்தான் அவனுக்குப் பொழுது முடியும். பாய்க்கும் அப்படித்தான், வாயைத் திறந்து சொல்லமாட்டார். ஒருநாள் வந்தவன் டீயைக்கூடக் கேட்காமல் போனை நீட்டினான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு அடுப்படியில் பீர் தயாரித்துக்கொண்டிருந்தான்.

"இத ஒருக்கா செஞ்சு பாக்கணும் பாய். லீவு நாள் பூராம் போனையே நோண்டிக்கிட்டுக் கெடக்குறேன். மால்ட்டு, சீனி எடுத்துக்கிறேன், ஈஸ்ட் ஒரு பாக்கெட் குடுங்க."

ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்கிற மாதிரி அவ்வளவு வெள்ளந்தியாகக் கேட்டான். பாய்க்கு ஏசியிலும் வியர்த்தது. கொடுத்தால் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவன் மாட்டிக்கொண்டால் ஊருக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். தரமாட்டேன் என்று சொல்லலாம்தான். முகம் சுண்டிப்போய், நாளையிலிருந்து சுலைமானிக்கு வராமல் இருந்துவிட்டால்? அந்தப் பயம்தான் மனுஷரைக் கவிழ்த்துவிட்டது.

"ஈஸ்ட் ஸ்டாக் இல்லப்பா."

"இல்லையா பாய்?"

"அறவே இல்ல. கலாஸ், தீந்துபோச்சு."

கார்மேகம் அவரை ஒரு பார்வை பார்த்தான். எடுத்த மால்ட் டப்பாக்களைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் பாய் திரும்பிப் பார்த்தார். அவர் தலைக்குப் பின்னால், கஸ்டர்டு பவுடருக்குப் பக்கத்தில், ஈஸ்ட் பாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. நல்லவேளை, பயல் கவனிக்கவில்லை. அள்ளிக்கொண்டு போய் அரிசி மூட்டைக்குப் பின்னால் திணித்தார்.

பொய்யை மறைத்து வைப்பது ஈஸ்ட்டை மறைத்து வைப்பதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. மேல்மாடி சுஷ்மிதா பிள்ளைகளுக்கு பன் சுட ஈஸ்ட் கேட்டு வந்தபோது கார்மேகம் டீயும் கையுமாகப் பக்கத்தில் நின்றான். அவளுக்கும் 'மாஃபி', இல்லை என்கிற பதில்தான். அவள் அடுத்த தெருக் கடைக்குப் போனாள். தொழுகையில் நின்றால் அரிசி மூட்டைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. பாவத்துக்குத் துணைபோகாமல் இருக்கத்தானே சொன்னேன் என்று மனசைத் தேற்றிப் பார்த்தார். அதற்கு நேராகவே மறுத்திருக்கலாமே என்று அதே மனசு குத்தியது. ஒரு நல்ல சிநேகிதனை நம்பாமல் போனோமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

கார்மேகம் அதற்கப்புறம் ஈஸ்ட் பேச்சையே எடுக்கவில்லை. பையன் திருந்திவிட்டான் என்று பாய் சந்தோஷப்பட்டார். அவன் இஞ்சியும் சீனியும் மட்டும் வாங்கிப் போனான். திருந்தியவனுக்கு எதைக் கொடுத்தால் என்ன? நார் இல்லாத இஞ்சியாகத் தானே பொறுக்கிக் கொடுத்தார். எலுமிச்சை கொசுறு போட்டார். அவன் கேட்டதும் காலி ஊறுகாய் ஜாடியைக்கூடக் கழுவித் தந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்மேகம் ஒரு பாட்டிலோடு வந்தான். கல்லாமேல் வைத்து மூடியைத் திருகினான். புஸ்ஸென்று நுரை பொங்கி வழிந்தது.

பாய் எழுந்து நின்றுவிட்டார். "பீரா? எங் கடையிலயா கொண்டாந்து வைக்கிற?"

"பதறாதீங்க பாய். இஞ்சி சோடா. ஒங்க இஞ்சி, ஒங்க சீனி, ஒங்க ஜாடி. தண்ணியில போட்டு வச்சா தானாப் பொங்குது, நம்ம இட்லி மாவு பொங்குறதில்லையா, அதே மாதிரி. நொரை வந்த அன்னைக்கே ஃபிரிட்ஜுல தூக்கி வச்சிட்டேன், போதையெல்லாம் ஏறாது. நீங்களும் குடிக்கணும்ல?"

பாய் குனிந்து மோந்து பார்த்தார். இஞ்சியும் எலுமிச்சையும்தான் மணத்தன. இவன் சொல்வதை நம்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இதுவரை இந்தக் கடையில் பொய் சொன்னவன் யார் என்பது அடுத்த கணமே நினைவுக்கு வந்தது. அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டு, ஈஸ்ட் பாக்கெட்டுகளை எடுத்துக் கல்லாமேல் போட்டார்.

"இருந்துச்சுப்பா. அன்னைக்கும் இருந்துச்சு."

"தெரியும் பாய். கஸ்டர்டு டப்பாவுக்குப் பக்கத்துல நின்னுச்சே."

"பாத்தியா? பெறகு ஏம்ப்பா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. ஒங்களுக்கு அது வராது பாய், அன்னைக்குக் காதெல்லாம் செவந்துபோச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு. அதான் ஈஸ்ட் இல்லாம என்ன செய்யலாம்னு தேடுனேன்."

பாய் பாக்கெட்டுகளைப் பழைய இடத்திலேயே, கஸ்டர்டு பவுடருக்குப் பக்கத்தில் அடுக்கினார். பிறகு சுலைமானி கிளாஸ் இரண்டையும் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

"ஊத்துப்பா."