டெல்லிக்கு அனுப்பிய தோடி

என் தங்கை சைதாபிக்கு விருது கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது அவள் நரசராவுபேட்டையில் ஒரு கல்யாணத்துக்கு ஊதப் போயிருந்தாள். போனை எடுத்தது நான். டெல்லியிலிருந்து பேசிய பெண், முப்பது வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்கான தேசிய விருது என்றாள். நாதஸ்வரத்துக்கு இந்த வருஷம் நாடு முழுக்க ஒருவருக்குத்தான்.

"சைதாபிதானே பேசறது?" என்று கேட்டாள்.

"அவளோட அக்கா" என்றேன்.

நாங்கள் இருவரும் பத்து வருஷம் ஜோடியாக ஊதியவர்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் அப்பா பெயரைச் சொல்லி, காசிம் சாகிப் பெண்கள் வருகிறார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். துரிதமான கீர்த்தனை, பாட்டு எல்லாம் சைதாபி பார்த்துக்கொள்வாள். ராகத்தை நிதானமாக விரித்து ஆலாபனை செய்வது என் பங்கு. தோடி என்றால் அவள் நாதஸ்வரத்தின் நாணல் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வலது ஓரமாகத் தானாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கியிருந்தது. குண்டூர் டாக்டர் மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்றார். கண் சரியானது. உதடு ஆகவில்லை. சீவாளியைக் கவ்வினால் காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போகும், எச்சில் வழியும். ஆறு மாதம் தினமும் முயன்றேன். ஒரு நாள் அப்பாவே வந்து, "போதும் நாகூர்பி, என்னால பாக்க முடியல" என்று வாத்தியத்தை வாங்கி உறையில் போட்டுவிட்டார்.

அதன்பின் சைதாபி தனியாகப் போனாள். நான் வீட்டில் சமைத்தேன், அவளுக்கு நிகழ்ச்சித் தேதிகள் குறித்து வைத்தேன். இந்த விருதுக்கு விண்ணப்பம் போட்டதும் நான்தான். முகூர்த்த நாட்கள், அவளுக்கு நேரமில்லை.

"அக்கா, அமராவதில நான் ஊதின பிலஹரி ராகம் இருக்குல்ல, அத அனுப்பிடு. வராதுதான், சும்மா போட்டு வைப்போம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் பிலஹரியை அனுப்பவில்லை. மலைக்கோயில் சிவராத்திரியில், என் வாய் கோணுவதற்கு முந்தைய வருஷம், மைக்செட் வீரய்யா பதிவு செய்த தோடி என்னிடம் இருந்தது. பன்னிரண்டு நிமிஷம். தவில்கூட இல்லை, என் நாதஸ்வரம் மட்டும். இன்டர்நெட் கடையில் அந்தப் பையன் "எந்த பைல் அக்கா?" என்றபோது என் விரல் அதைத்தான் காட்டியது. விருது வரும் என்று நான் நினைக்கவில்லை. டெல்லியில் யாரோ ஒரு வித்வான் உட்கார்ந்து என்னை ஒரு தரம் கேட்கட்டும், அவ்வளவுதான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

விருது வந்ததும் ஊரே கூடிவிட்டது. பேனர் கட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் பாராட்டு விழா. சைதாபி கழுத்து மறைய மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் டெல்லிக் கடிதத்தை மைக்கில் தெலுங்கில் படித்துச் சொன்னார். "தோடி ராகத்தில் இவர் காட்டிய நிதானமும், நீண்ட மூச்சும், இந்த வயதில் காணக் கிடைக்காதவை என்று நடுவர்கள் எழுதியிருக்காங்க!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சைதாபி அதே சிரிப்போடு இருந்தாள். ஆனால் மாலையைப் பிடித்திருந்த அவள் கையை நான் பார்த்தேன். பூவெல்லாம் கசங்கி உதிர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டாள். "அக்கா, நான் உன்ன எத அனுப்பச் சொன்னேன்?"

"பிலஹரி."

"நீ எத அனுப்பின?"

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல நாயனா. உங்க பெரிய பொண்ணு அவார்டு வாங்கியிருக்கா. மாலைய மட்டும் என் கழுத்துல போட்டு விட்டுட்டா."

"உனக்காகத்தான்டி..." என்று ஆரம்பித்தேன்.

"பொய் சொல்லாத. எனக்காகன்னா என்னோடத அனுப்பியிருப்ப. அது தேறாதுன்னு நெனச்ச, இல்ல?"

"சத்தியமா அப்படி நெனக்கல."

"பின்ன?"

"நான் ஊதறத யாராவது ஒரு தரம் கேக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நீ மறுபடி ஊத மாட்டியான்னு நான் ஏங்காத நாள் இல்ல அக்கா. நீ ஒக்கார வேண்டிய எடத்துல ஒக்காந்து ஊதறப்பல்லாம் திருடின மாதிரி இருக்கும். இந்த ஒண்ணு மட்டும் எனக்குன்னு வந்ததுன்னு நெனச்சேன். பத்து நாளா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்."

அப்பா அவள் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு, "வேணாம்னு எழுதிப் போட்டுடலாமா?" என்றார்.

"எழுதி? ஊர்ல தலகாட்ட முடியுமா? இவள ஏமாத்துக்காரின்னு சொல்லுவாங்க. அத நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் சைதாபி. அந்தக் கோபத்திலும் என்னைத்தான் காப்பாற்றினாள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் டெல்லிக்குத் துணையாக நானே போனேன். ரயிலில் இரண்டு நாளும், "சாப்பிடு", "தள்ளிக்கோ" தவிர அவள் பேசவில்லை. விருது வாங்கும் முன் ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் வாசித்துக் காட்ட வேண்டும். மேடைக்குப் பின்னால் குளிர் எலும்பில் ஏறியது. சீவாளி காய்ந்து சத்தம் வரவில்லை. வேறொன்றை எடுத்து நான் வாயில் வைத்து ஈரப்படுத்தினேன். பழைய பழக்கம். எச்சில் என் தாடையில் வழிந்தது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். சீவாளியை வாங்கிக்கொண்டு மேடை ஏறினாள்.

பிலஹரிதான் என்று அறிவித்திருந்தார்கள். அவள் தோடியைத் தொடங்கினாள்.

என் தோடி. ஒவ்வொரு பிடியும் என்னுடையது. என் பக்கம் திரும்பி உட்கார்ந்து இத்தனை வருஷம் அவள் என்ன கேட்டிருக்கிறாள் என்று அன்றுதான் தெரிந்தது. மேலே போய் ஒரே மூச்சில் நின்று நின்று கீழே இறங்க வேண்டிய இடம் வந்தது. நான் ஓரத்தில் நின்று என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்தேன். பாதி வழியில் அவளுக்கு மூச்சு அறுந்தது. சட்டென்று சமாளித்து வேறு பக்கம் திருப்பி அழகாகவே முடித்துவிட்டாள். சபை எழுந்து நின்று தட்டியது. ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. சால்வை போர்த்தியபோது அவள் தலை நிமிரவே இல்லை.

"நல்லாத்தான் இருந்தது" என்றேன் வெளியே வந்ததும்.

"எங்கிட்ட அப்படிச் சொல்லாத" என்றாள்.

அந்த வருஷமே ராயலசீமைப் பக்கம் ஒரு பெரிய கோயிலில் அவளுக்கு ஆஸ்தான வித்வான் வேலை கிடைத்தது. விருதுதான் வாங்கிக் கொடுத்தது. பெட்டி கட்டும்போது புடவைகளை மடித்து நான் கொடுக்கக் கொடுக்க வாங்கி வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் அப்பாவின் காலைத் தொட்டாள். என் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு ஏறிவிட்டாள்.

ஐந்து வருஷம் ஆகிறது. ரம்ஜானுக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், பிரியாணி நன்றாக இருக்கிறது என்பாள். சண்டை என்று எதுவும் இல்லை. சங்கீதம் பற்றி மட்டும் எங்களுக்குள் பேச்சு கிடையாது. அவளைப் பற்றிப் பேப்பரில் வருகிறது. அவள் எங்கேயும் தோடி வாசிப்பதில்லை என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். ஏன் என்று என்னிடம் கேட்கிறார்கள். தெரியாது என்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை அப்பா தொழுகைக்குப் போயிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"நாயனா இல்லையா?"

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காரு."

"சரி. அப்புறம் பண்றேன்."

ஆனால் அவள் போனை வைக்கவில்லை. அங்கே பூஜைக்கு யாரோ தவிலைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. நானும் வைக்கவில்லை. மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"நேரமாச்சு அக்கா" என்றாள் சைதாபி.

"போ, போய் ஊது" என்றேன்.