தெத்தாப்புக்கு ஒரு முட்டை

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து பிறந்தது. மலேசியாவில், ஆயர் ஈத்தாம் சந்தைக்கு எதிரே, கடைவீட்டு மாடியில் இருக்கும் டியூஷன் மையத்தில் நான் கணிதம் சொல்லித் தருகிறேன். அங்கே காமினி என்ற மாணவி மாதிரித் தேர்வில் எழுதிய விடை அது.

மாணவி என்றதும் சடையும் சீருடையும் நினைக்காதீர்கள். காமினி என்னைவிட மூத்தவர். பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். சேர்ந்த நாளிலிருந்து ஒப்பந்த வேலைதான். பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் கணிதம் தேறினால் டெக்னீஷியன் பயிற்சிக்கு எடுத்து வேலையை நிரந்தரமாக்குவதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். பள்ளியில் கோட்டைவிட்ட அந்த ஒரு தாளை மறுபடி எழுதத்தான் எங்களிடம் வந்தார். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார்.

2

முதல் தொடக்கம்: 'பாலத்தின் மேல் விடிந்துகொண்டிருந்தபோது, காமினியின் தொழிற்சாலைப் பேருந்து' – வேண்டாம். அவர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்.

இரண்டாம் தொடக்கம்: 'எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான்' – இதை எழுதினால் உங்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். படித்தேன், பட்டம் வாங்கினேன், வேலை பார்க்கிறேன்.

கணக்கையே வைத்துத் தொடங்குகிறேன்.

ஒரு தொழிற்சாலையில் 240 தொழிலாளர்கள் உள்ளனர். எண்ணிக்கை ஒவ்வொரு மாதமும் தெத்தாப்பாக 15 கூடுகிறது. எத்தனை மாதத்தில் 420 ஆகும்?

கேள்வி மலாயில் இருந்தது. மற்றதையெல்லாம் தமிழாக்கிவிட்டு, தெத்தாப்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். கணக்கில் அதற்கு 'மாறாமல்' என்று பொருள். முதல் மாதமும் பதினைந்து, கடைசி மாதமும் பதினைந்து. 240 + 15n = 420. விடை பன்னிரண்டு.

காமினி எழுதியது பதினாறு.

3

தொழிற்சாலைக்குள் தெத்தாப் என்றால் நிரந்தர வேலை. கேன்டீனில் பேச்சே அதுதான்: யார் தெத்தாப், யார் இன்னும் கொன்ட்ராக், யாரை ஆக்குகிறேன் என்று சொல்லி ஏமாற்றினார்கள். அதனால் காமினி கேள்வியை இப்படிப் படித்திருந்தார்: 240 பேரும் ஒப்பந்தம். மாதம் பதினைந்து பேரை தெத்தாப் ஆக்குகிறார்கள். எல்லாரும் ஆவதற்கு எவ்வளவு காலம்? 240ஐப் பதினைந்தால் வகுத்துவிட்டார்.

"அப்ப இந்த நானூத்தி இருவது எதுக்குக்கா இருக்கு?"

"சும்மா கொழப்பறதுக்குப் போட்டிருக்காங்கன்னு விட்டுட்டேன் லா."

"மாசம் பதினஞ்சு பேர தெத்தாப் ஆக்குற கம்பெனி எங்கக்கா இருக்கு?"

"அதான் டீச்சர், கேள்விய படிக்கறப்பவே சந்தோஷமா இருந்துச்சு."

முட்டை போட்டேன்.

[அடிக்குறிப்பாக வரவேண்டியது: இந்த இடத்தில் காமினியை ஞானி ஆக்கிவிட ஆசை வருகிறது. அவர் விடைதான் வாழ்க்கையின் விடை, புத்தகம்தான் பொய் என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்தது. அழித்துவிட்டேன். விடை தப்பு. அந்தப் பத்தியைக் காட்டினால் தேர்வு வாரியம் அரை மதிப்பெண்கூடத் தராது. அவருக்கு வேண்டியது மதிப்பெண்.]

4

மையத்தின் உரிமையாளர் குமரப்பன். முதல் பிரதியில் அவருக்குக் கனத்த குரலும் மோதிரமும் கொடுத்திருந்தேன். நிஜத்தில் மிருதுவாகப் பேசுகிறவர். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

முட்டை வாங்கிய தாளைப் பார்த்தவர், காமினியின் பெயரை மையத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார். தேர்ச்சி விழுக்காட்டைத்தான் வாசல் பதாகையில் போடுகிறோம்.

"பாஸானா அப்பறம் சேத்துக்கலாம்மா. இல்லன்னா அவங்க நம்ம ஸ்டூடன்ட் இல்ல. யாருக்கும் நஷ்டமில்ல பாரு."

"அப்ப நானும் இந்த சென்டர் டீச்சர் இல்ல சார். அவங்க பெயிலானா எம்பேரையும் எடுத்துருங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காமினி அப்போது கதவருகே குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியாது. (கதை எழுதுகிறவளுக்கே தெரியாதா என்றால், தெரியாது. அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.)

அதன்பிறகு வந்த சனிக்கிழமைகளில் நாங்கள் எண்களைத் தொடவில்லை. எண்களை விரலால் மூடிக்கொண்டு, மிச்சமுள்ள வாக்கியத்தைத் தமிழில் கதையாகச் சொல்லச் சொன்னேன். எது கூடுகிறது, எது கூடாமல் நிற்கிறது, எங்கே போய் நிற்க வேண்டும் என்கிறார்கள். தொட்டியில் தண்ணீர் ஏறியது, செடி வளர்ந்தது, மலேசியாவில் எங்கும் இல்லாத ஒரு கிராமத்தில் மக்கள்தொகை பெருகியது. எல்லாம் ஒரே வேகத்தில், நோய்நொடி இல்லாமல். கணக்கில் மட்டும் எல்லாரும் ஒழுங்காக வளர்கிறார்கள் என்று காமினி அலுத்துக்கொண்டார். உண்மைதான் என்றேன். அடுத்த கேள்வியைப் போடச் சொன்னேன்.

5

முடிவு அ: காமினி தேறுகிறார். வேலை நிரந்தரமாகிறது. பதாகையில் அவர் படம். இதைப் படித்துவிட்டு நீங்கள் நன்றாகத் தூங்குவீர்கள். எனக்கு அது போதவில்லை.

முடிவு ஆ: தேறவில்லை. நான் ஜன்னலுக்கு வெளியே மழையைப் – மழையை விடுங்கள். சோகமாக முடித்தால் இலக்கியம் என்பார்கள். ஒரு பெண்ணைப் பெயிலாக்கி அந்தப் பெயரை நான் வாங்க வேண்டியதில்லை.

உண்மையில் தேர்வு முடிவே வந்துவிட்டது. காமினி கைப்பேசியோடு படியேறி வந்தார். குமரப்பன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார். காமினி கைப்பேசியைக் கவிழ்த்துக்கொண்டு, என்னை மட்டும் கீழே வரச் சொன்னார். மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று காட்டினார். பார்த்தேன். இதைப் பற்றித்தான் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன், கடைசிப் பகுதி மட்டும் பாக்கி என்று சொன்னேன்.

"ரிசல்ட்ட எழுதாதீங்க டீச்சர்."

"ஏன்கா?"

"பாஸுன்னு எழுதினா பேரு சென்டருக்கு. பெயிலுன்னு எழுதினா பேரு எனக்கு. எதுக்கு?"

அப்படியானால் அன்றைக்குக் காதில் விழுந்திருக்கிறது.

ஆகவே எனக்கு முடிவு தெரியும், எழுதமாட்டேன். உங்களுக்குக் கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வைக்கும்போது பேரை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைக்கவசத்தை மாட்டியபடி அவர் கேட்டார்: "சனிக்கெழம கிளாஸ் இருக்குல்ல டீச்சர்?"

இருக்கு என்றேன்.

மறுபடி வருகிறார் என்றால் பெயில்தானே என்று முடிவுகட்டியிருப்பீர்கள். டெக்னீஷியன் பயிற்சியிலும் கணக்கு உண்டு.