சுத்தமான மண்

மூடிக்கிடக்கும் பேட்டரித் தொழிற்சாலையின் ஈயம் ஊறிய மண்ணில் எந்தச் செடி பிழைக்கிறது, எந்த நுண்ணுயிர் அதற்குக் கைகொடுக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான மண் வேண்டும். ஊரெல்லாம் அலையச் சோம்பல்பட்டு, எங்கள் வீட்டுப் பின்பக்கம் குழாயடியில் ஒரு பை அள்ளி வந்திருந்தேன்.

ஈயம் கலந்த ஆய்வுக்கூடத் தட்டில், ஈயத்தோடு வாழப் பழகிய நுண்ணுயிர்கள் மட்டுமே வளரும். வீட்டு மண் தடவிய தட்டு வெறுமையாக இருக்க வேண்டும். திறந்தால் இடைவெளியே இல்லாமல் வளர்ந்து கிடந்தன.

பக்கத்து மேசைக்காரன்தான் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான் என்று அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "தாயே, உன் தட்ட நான் தொடவே இல்ல," என்று கையெடுத்துக் கும்பிட்டான். மறுபடி செய்தேன். அதேதான். மண்ணையே கருவியில் கொடுத்து அளந்தேன். தொழிற்சாலை வாசலைவிட எங்கள் குழாயடியில் ஈயம் அதிகம்.

அப்பா சாகும்வரை அந்தத் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார். தம்பி மூன்று வயதில் வலிப்பு வந்து போய்விட்டான். ஏனென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை; ஈயம் உடம்பில் ஏறிய குழந்தைக்கு வலிப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். 'அவன் ஆயுசு அவ்வளவுதான்' என்ற ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இத்தனை காலம் நடமாடுகிறாள். அதை மட்டும் நான் பிடுங்கிவிடக் கூடாது.

சனிக்கிழமை காலை மறுபடி மண் எடுக்கக் குழாயடியில் உட்கார்ந்தேன். அம்மா வந்து நின்றாள். முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டேன்.

"அப்பாவோட வேலைத் துணியெல்லாம் எங்கம்மா தொவப்ப?"

"இங்கதான், வேற எங்க? எத்தன தடவ அலசினாலும் தண்ணி சாம்பலாத்தான் ஓடும்." பிறகு அவளாகவே சொன்னாள். "தம்பிய இங்கதான் உட்கார வெப்பேன், கண்ணு முன்னாடி இருக்கட்டுமேன்னு. ஈர மண்ண அள்ளி அள்ளி வாயில போட்டுக்குவான். சரியான திருட்டுப் பய."

சிரித்தாள். குழாய்க்கு அந்தப் பக்கம் அவன் இன்னும் உட்கார்ந்திருப்பது போலவே எனக்கு இருந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன்.

சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன்டி கேக்கற? மண்ணுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல மண்ணு."

அம்மா என் கைகளையே பார்த்தாள்.

"அப்போ எதுக்கு கிளவுஸ் போட்டிருக்க?"