ஏழு அம்பு

பாலம்மாவை எனக்குப் பிடிக்காது. ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தோட்டத்தில் அவளைப் பிடித்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். எட்டுப் பேர் சேர்ந்து கொழுந்து எடுக்கிற கூட்டத்தில், மற்ற ஏழு பேரும் என்ன பேசினோம் என்று கங்காணியின் காதில் ஓதுகிறவள் அவள். நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோது இரண்டு மாதம் என் கொழுந்துச் சாக்கை மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்தாள். வேவு பார்க்கத்தான் தூக்கினாள் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை பிறந்த பிறகு, "பால் குடுக்கப் போறவ அரமணி பிந்தி வாறா" என்று போட்டுக்கொடுத்ததும் அவள்தான்.

எனக்கு அந்த அரை மணி வேண்டும். பத்து மணிக்கு, கைப்பிள்ளைகளை விட்டு வருகிற பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி, நாலு மாதக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். எங்களில் நாலு பேரை மேற்கணக்குக்கு மாற்றப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். மேற்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் பிரிவு, மூன்று மைல் ஏற்றம். அங்கே போனால் பிள்ளைக்குப் பகலில் பால் கிடையாது.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்டியிலிருந்து ஷிபானா மிஸ் வந்து சேர்ந்தார். கூட்டத்துக்குள்ளே யாருக்கு யார் ஒட்டு என்று அளக்கிற வேலையாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எங்களை உட்கார வைத்து ஆளுக்கொரு தாள் நீட்டினார்.

"ஆரோட சேந்து வேல செய்ய ஆசயோ, அந்த ஒத்தர்ட பேர எழுதுங்க. பயப்பட வாணாம், நான் ஒத்தருக்கும் காட்ட மாட்டேன்."

ஆபீஸ் தாளில் நம் ஆட்களின் பேரை எழுதக்கூடாது. அது எங்கள் தோட்டத்துப் பாடம். போன வேலைநிறுத்தத்தில் யார் யார் சேர்ந்து நின்றீர்கள் என்று இப்படித்தான் ஒரு தாள் வந்தது. பேர் விழுந்த மூன்று பேரையும் அடுத்த மாதமே வேறு தோட்டத்துக்கு விரட்டினார்கள். தாளில் பேர் விழுந்தால் ஆள் தொலைந்தாள்.

பக்கத்தில் இருந்த என் உயிர்ச் சிநேகிதி யோகமலரின் தொடையைக் கிள்ளினேன். "பாலம்மாக்கா பேர எழுது. மத்தவங்களுக்கும் சொல்லு. அவ போகட்டும் மேக்கணக்குக்கு."

பாலம்மாவைத் தவிர எல்லோர் காதுக்கும் சேதி போனது. எவ்வளவு சந்தோஷமாக அவள் பேரை எழுதினேன் தெரியுமா!

அடுத்த வாரம், ஒருவருக்கும் காட்ட மாட்டேன் என்ற அதே மிஸ், மடுவத்துச் சுவரில் பெரிய தாள் ஒன்றை ஒட்டினார். எட்டு வட்டம், எட்டுப் பேர். ஏழு வட்டத்திலிருந்தும் ஏழு அம்பு பாலம்மாவைப் பார்த்துப் பாய்ந்திருந்தன. அவளுடைய ஒரே அம்பு கிருஷாந்தி என்ற என் பேரில் வந்து நின்றது. இவளும் என்னைத் தொலைக்கத்தான் பார்த்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்தேன்.

"ஒரு கூட்டத்துல ஒத்தர இப்பிடி எல்லாரும் விரும்பி நான் கண்டதே இல்ல!" என்று மிஸ் பூரித்தார். தோட்டத்துத் துரையும் தலையாட்டினார். மேற்கணக்குக்குப் போகிறவர்களுக்குப் பாலம்மாதான் தலைவி, கூட வரும் மூன்று பேரை அவளே பொறுக்கலாம் என்றார்.

பாலம்மாவும் இதே லயத்தில் பிறந்தவள், தாளில் பேர் விழுகிற பாடத்தைப் படித்தவள். அந்த ஏழு அம்பையும் அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் செத்துப் போனது. பிறகு சிரித்தாள்.

"எம்மேல இம்புட்டுப் பாசமா இருக்கிறவங்கள விட்டுட்டுப் போக மனசு வருமா, மிஸ்? மொதல்ல கிருஷாந்தி வரட்டும். அப்பறம் கடைசியா நிக்கிற அந்த ரெண்டு பேரும்."

"மிஸ், நான் பொய்யா எழுதுனேன்!" என்று கத்திவிட்டேன்.

"அப்ப உண்மயில ஆரு?"

துரை பேனாவைத் திறந்தார். நான் யோகமலரைப் பார்த்தேன். பேரைச் சொன்னால் அவளையும் என்னோடு மேலே ஏற்றிவிடுவார்கள். அவள் கண்ணால் கெஞ்சினாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மேற்கணக்கில் முதல் நாள். பத்து மணி ஆனதும் பால் சுரந்து சட்டை நனைந்தது. ஆத்திரத்தில் செடியைப் பிய்த்தேன். அடுத்த நிரையில் பாலம்மா நிமிராமல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாள்ல நெசமா எழுதுனது நான் ஒருத்திதான்" என்றாள். "ஒன்னோட வேல செய்ய ஆசப்பட்டுத்தான் ஒம் பேர எழுதுனேன்."

"அப்ப ஏன் கங்காணிகிட்ட போட்டுக்குடுத்தீங்க?"

"கேட்டாரு, சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது."

"கைப்பிள்ளக்காரிய எதுக்கு இங்க இழுத்துட்டு வந்தீங்க?"

அப்போதுதான் நிமிர்ந்து என் நனைந்த சட்டையைப் பார்த்தாள்.

"நீதானே எழுதிக் கேட்ட" என்றாள்.