பாதி செங்கல், பாதி கான்கிரீட்

எங்களுக்குக் கல்யாணமான முதல் இருபத்து மூன்று வருஷத்தில், நானும் என் மனைவியும் பகல் பொழுதைச் சேர்ந்தாற்போல் வீட்டில் கழித்தது மொத்தம் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் எனக்குத் தொடையெலும்பு முறிந்திருந்தது. இருந்தாலும், போன காலத்தில் ஏதாவது ஒரு துண்டைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது இப்போது வந்து நின்றால், யோசிக்காமல் அந்த ஐந்து மாதத்தைத்தான் கேட்பேன். காலை மட்டும் முழுசாக வைத்துக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வேன்.

நான் பஸ் டிரைவர். விடியுமுன் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மூக்குக்கண்ணாடி ஃப்ரேமில் லென்ஸைப் பொருத்தி, எள்ளைவிடச் சின்னத் திருகாணிகளை முடுக்குவது அவள் வேலை. வார லீவு எனக்கு ஒரு நாள், அவளுக்கு வேறொரு நாள். ஒரே மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பேசிக்கொள்ள நேரமில்லாததால் அடுப்படியில் ஒரு சிலேட்டு வைத்திருந்தோம். 'பால் திரிஞ்சுபோச்சு, கடுங்காப்பிதான்' என்று நான் எழுதிவிட்டுப் போவேன். 'மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது' என்று அதை அழித்து அவள் எழுதியிருப்பாள். குடும்பம் சிலேட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இருபத்திரண்டு வருஷம் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் படியிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். கண்டக்டர் ஓடி வந்து தூக்கினான். "அண்ணே, ஓடுற வண்டியில விழுந்திருந்தாலும் ஒரு மரியாதையா இருந்திருக்கும்" என்றான். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் தொடைக்குள் ஒரு கம்பி வைத்துத் திருகு போட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, எத்தனை நாள் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. படத்தில் தெரிந்த திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், இந்தத் திருகு எலும்புல எப்படிப் பிடிச்சு நிக்கும்? கழண்டு வராதா?"

"எலும்பு கெட்டியா இருக்குற இடமாப் பார்த்துத்தாம்மா போடுவோம்."

தன் தொழில்காரர் ஒருவரைக் கண்டதுபோல அவள் தலையாட்டினாள்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள அவள் கடையில் நீண்ட லீவு சொல்லிவிட்டாள். கட்டிலும் சாப்பாடும் பிரச்சினையில்லை, குளியலறைதான் பிரச்சினை. உட்காருவது எப்படியோ நடந்துவிடும். எழுந்திருக்க மட்டும் பிடிமானம் ஒன்றும் கிடையாது. இவள் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாக வேண்டும். தொண்ணூறு கிலோ ஆள் நான். நாலே நாளில் அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் நடந்தாள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டடி நீளத்தில் பளபளவென்று ஒரு கம்பி வாங்கி வந்தாள்.

இதில் ஒரு சிக்கல். வீட்டுக்காரர் கீழ்வீட்டில் இருந்தார். தையல்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். குடிவந்த அன்றைக்கே ஒரு சட்டம் சொன்னார். "துணியில ஊசி போட்டா ஓட்டை தெரியாது. செவத்துல போட்டா சாகுற வரைக்கும் தெரியும். என் வீட்ல ஆணி அடிக்கக் கூடாது." பதினோரு வருஷமாக எங்கள் காலண்டர் கதவுப் பிடியில்தான் தொங்கியது. கதவைத் திறக்கும்போதெல்லாம் தேதி ஆடும்.

கம்பி மாட்ட ஒரு ஃபிட்டரிடம் சொன்னாள். அவர் நாலு நாளாக "நாளைக்கு" வந்துகொண்டிருந்தார். ஐந்தாம் நாள் இவள் பொறுமை போய்விட்டது. கடையில் கூட வேலை பார்க்கிறவளின் தம்பியிடமிருந்து ஒரு டிரில் மிஷினை இரவல் வாங்கி வந்துவிட்டாள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்றேன்.

"நீங்க பொறக்கும்போதே பஸ் ஓட்டிக்கிட்டா பொறந்தீங்க?"

வீட்டுக்காரர் காலையில் நடக்கப் போகும் நேரம் பார்த்து, நாலு ஓட்டை போட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே சொருகி, திருகை முடுக்கிக் கம்பியை மாட்டிவிட்டாள். அரைமணி நேர வேலை. நெற்றியெல்லாம் வெள்ளைத் தூசு. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது, மகள் பள்ளியில் வாங்கிய பரிசைக் காட்டியபோது இருந்த முகம் அவளுக்கு.

ஒன்பது நாள் அந்தக் கம்பி நின்றது. பத்தாம் நாள் காலையில் நான் அதைப் பிடித்து எழுந்தேன். பாதி எழுந்தபோது 'கரக்' என்று ஒரு சத்தம். கம்பி என் கையோடு வந்தது. இரண்டு டைல்களும் ஒரு கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்தன. நல்லவேளையாக நல்ல கால் பக்கமாக விழுந்தேன். முறிந்த கால் தப்பித்தது. வாளி விளிம்பில் தாடை பட்டு ஒரு பல் போனது.

அவள் ஓடி வந்து பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். தூக்கி உட்கார வைத்தாள், ரத்தத்தைத் துடைத்தாள், டாக்டரை வரவழைத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு பிளக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "கம்பி மேல தப்பு இல்ல. நான்தான் வழுக்கினேன். விழும்போது பிடிச்சு இழுத்தேன், அதான் வந்துருச்சு" என்றேன்.

"தரை காஞ்சு கெடக்கு."

"சோப்பு..."

"சோப்பு டப்பாவுல இருக்கு." பிளக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குப் பொய் சொல்ல வராது. இப்பப் பல்லும் இல்ல, காத்து வேற போகுது."

சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் அழுது நான் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முன்பு அழுதிருப்பாள். நான் வண்டியில் இருந்திருப்பேன்.

அன்று மத்தியானமே அந்தப் பிளக்கை எடுத்துக்கொண்டு தெருக்கோடி ஹார்டுவேர் கடைக்குப் போனாள். கல்லாவில் கடைக்காரரின் மகள் இருந்தாளாம், இருபது வயசுப் பெண். அங்கே நடந்ததை இவள் வந்து நடித்தே காட்டினாள்.

"அக்கா, இது காலண்டர் மாட்டக் கேட்டாக் குடுக்குறது. இதுலயா ஆளைத் தொங்க விட்டீங்க? என்ன செவரு?"

"வீட்டுச் செவருதான்."

"செங்கல்லா, கான்கிரீட்டா?"

இவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷம் குடியிருந்தும், எந்தச் சுவர் எதனால் ஆனது என்று தெரியாமல் முழித்திருக்கிறாள். அந்தப் பெண் பிளக்கை அளந்து காட்டியிருக்கிறாள். ஓர் அங்குலம்தான். டைலும் பூச்சும் சேர்ந்தே ஓர் அங்குலம். திருகு சுவரைத் தொடவே இல்லை, சுவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. "சட்டையைப் பிடிச்சா சட்டைதாங்க்கா கிழியும்" என்றாளாம்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சுவர் தட்டும் வேலை ஆரம்பமானது. ஒரு மரக்கரண்டியால் அவள் அங்குலம் அங்குலமாகத் தட்டினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்கிற காது எனக்கு. சுவர் என்ன பெரிய விஷயம்? பூச்சு விட்டுப்போன இடம் டொப்பென்று பொள்ளலாகக் கேட்டது. செங்கல் கொஞ்சம் மந்தமாகப் பேசியது. மூலையில் இருந்த தூண் கல்லைப்போல் 'டக்' என்றது. நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் அவள் சுவரில் எழுதினாள். குளியலறையில் ஆரம்பித்தவள் அங்கே நிற்கவில்லை. அடுப்படி, கூடம், படுக்கையறை என்று ஒரு வாரம் வீட்டையே தட்டித் தீர்த்தோம். நடுவில் டீ போடுவாள். டீயைக் குடித்துக்கொண்டே கடையில் நடந்தது, அவள் அக்கா புருஷன் செய்த கூத்து, மகள் சின்னதில் கேட்ட கேள்விகள் என்று பேச்சு எங்கெங்கோ போகும். சிலேட்டில் எழுத முடியாத பேச்சுகள். கதவு இடுக்கு வழியாக வரும் பத்து மணி வெயில் கூடத்துச் சுவரில் எங்கே விழும் என்பதையே நான் அப்போதுதான் பார்த்தேன்.

கம்பி மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு முனை தூணில் விழுந்தது, மறுமுனை செங்கல்லில். "அப்ப ரெண்டுக்கும் ரெண்டு வைத்தியம்" என்று சொல்லி அந்தப் பெண் இரண்டு வகை கொடுத்தனுப்பினாள். கான்கிரீட்டுக்குத் தடித்த இரும்புத் திருகு. பிளக் எதுவும் வேண்டாம், ஓட்டைக்குள் தானே புரி வெட்டிக்கொண்டு இறங்கும். செங்கல்லுக்கு விரல் நீளப் பிளக். செங்கல்லின் நடுவில்தான் போட வேண்டும், இரண்டு கல்லுக்கு இடையில் இருக்கும் சாந்தில் போடக் கூடாது. ஓட்டையில் தூசு இருந்தால் எதுவுமே பிடிக்காது, ஊதி ஊதி எடுக்க வேண்டும். இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வந்திருந்தாள்.

இந்தத் தடவை நான் குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். டைலில் டேப் ஒட்டி, அதன் மேல் குறி வைத்து, மெதுவாக ஆரம்பித்தாள். விழுகிற தூசியின் நிறத்தைச் சொல்வது என் வேலை.

"வெள்ளை... வெள்ளை... வெள்ளை... சிவப்பு வருது!"

"சிவப்புதானே? நல்லாப் பாருங்க."

"சிவப்புதான், டாக்டரம்மா. கல்லுக்குள்ள போயிட்ட."

செங்கல் பக்கம் இரண்டு ஓட்டையும் சுலபமாக முடிந்தன. தூணில்தான் சண்டை. சாம்பல் நிறத் தூசு வந்துகொண்டிருந்தது. திடீரென்று மிஷினின் குரல் மாறியது, பிரேக் கட்டை தேய்ந்த வண்டி மாதிரி கீச்சென்று.

"நிறுத்து, நிறுத்து! தூணுக்குள்ள இரும்பு!"

நிறுத்தினாள். இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டதும் வழி கிடைத்தது. ஊதினாள், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள், மறுபடி ஊதினாள். அப்புறம் இரும்புத் திருகை வைத்து ஸ்பானரால் முடுக்க ஆரம்பித்தாள். கால்சுற்று, கால்சுற்றாக அது முனகிக்கொண்டே இறங்கியது. எள்ளுத் திருகைப் பிடித்துப் பழகிய அந்த விரல்கள் வெளுத்துப்போகும்படி முடுக்கினாள். கடைசிச் சுற்றில் கம்பி சுவரோடு ஒட்டி நின்றது.

அப்போது வாசலில் இருமல் கேட்டது. வீட்டுக்காரர். சத்தம் கீழே வரைக்கும் கேட்டிருக்கிறது. குளியலறை வாசலுக்கே வந்துவிட்டார். பெயர்ந்து கிடந்த டைல், சுவரெல்லாம் பென்சில் எழுத்து, தரையெல்லாம் செங்கல் பொடி, என் வாயில் ஒரு பல் குறைவு, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது? நான் என்ன சொல்லியிருக்கேன்?"

நான் வாயைத் திறக்குமுன் இவள் எழுந்தாள். "அண்ணே, திட்டுறதை அப்புறம் திட்டுங்க. நீங்க நல்ல கனமான ஆளு. இதைக் கொஞ்சம் பிடிச்சு இழுத்துப் பாருங்க."

"நானா?"

"நான் இழுத்துப் பார்த்து ஒண்ணும் தெரியாது. இவரால இழுக்க முடியாது. உங்க செவரு, நீங்கதான் இழுக்கணும்."

மனிதருக்கு என்ன தோன்றியதோ, வேட்டியை மடித்துக் கட்டினார். முதலில் ஒரு கையால் இழுத்தார். பிறகு இரு கையால் பிடித்தார். பிறகு சுவரில் ஒரு காலை ஊன்றி, முகம் சிவக்க இழுத்தார். கம்பி அப்படியே நின்றது. பதினோரு வருஷமாக எங்கள் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து இழுத்த மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் கையை உதறிக்கொண்டார்.

"நல்லாத்தான் போட்டிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் அவர் மனைவி ஒரு கம்பியோடு மாடியேறி வந்தார். முழங்கால் வலிக்காரர் அவர். "உங்க அண்ணன் குடுத்து விட்டாரு. எங்க வீட்லயும் ஒண்ணு மாட்டிக் குடுப்பியாம். தூண் எந்தப் பக்கம்னு தட்டிப் பார்க்கணுமாமே?" என்றார். அன்றைக்கே எங்கள் காலண்டரும் கூடத்துச் சுவருக்கு வந்தது. அனுமதி கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் ஒரு தடவைகூட விழவில்லை. கால் மெல்ல மெல்லத் தேறியது. முதலில் கம்பியைப் பிடித்து, பிறகு விரலால் தொட்டு, பிறகு தொடாமலே எழ ஆரம்பித்தேன். அப்படி எழுந்த அன்று இவள் கை தட்டினாள். எனக்கு ஏனோ அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இன்னும் எத்தனை நாள் இந்தப் பகல் பொழுதெல்லாம் என்று மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது.

ஐந்தாம் மாதக் கடைசியில் டிப்போவிலிருந்து கூப்பிட்டார்கள். இனி வண்டி ஓட்ட வேண்டாம், வண்டிகள் வந்துபோகிற நேரத்தைப் பார்த்து எழுதுகிற வேலை, காலை ஒன்பதுக்கு வந்தால் போதும். அவளுக்கும் அதே நாளில்தான் லீவு முடிந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றாக வீட்டைப் பூட்டினோம். சாவியை யார் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் படியிலேயே நின்றோம். அவளுடையதை அவள் பையில் போட்டாள், என்னுடையதை நான் போட்டேன். ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டு இறங்கினோம். தெருமுனையில் அவள் வலப்பக்கம் போக வேண்டும், நான் இடப்பக்கம்.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவளும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"ஓடாதீங்க! நீங்க போகலைன்னாலும் பஸ்ஸு போகும்!"